ஆலைச் சட்டங்களின் வரலாறு – 9: நண்பகல் அரைமணி

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் நிறைவேறியபோது, ஆலையில் வேலை செய்யும் வயதுவந்த ஆணும் பெண்ணும் பகலில் எப்போது சாப்பிடுவது, அதற்கு எவ்வளவு நேரம் விடவேண்டும் என்பவை பற்றி அதில் ஒரு சொல்லும் இடம்பெறவில்லை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒருவரைத் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, அதற்குள் குறைந்தது அரைமணி நேர இடைவேளை தரவேண்டும் என்ற விதி 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இன்று நமக்குத் தெரிந்த வடிவத்தைப் பெற்றது. இடைப்பட்ட அறுபத்தேழு ஆண்டுகளில் இந்த அரைமணி எவ்வாறு கேட்கப்பட்டது, யாரால் மறுக்கப்பட்டது, எந்த அளவில் கிடைத்தது என்பதையே இப்பகுதி ஆராய்கிறது. வேலைநேரக் குறைப்பு, வார விடுமுறை, குழந்தை உழைப்புத் தடை ஆகியவற்றின் வரலாற்றை எழுதியவர்கள் பலரும் உணவு இடைவேளையை ஓர் அடிக்குறிப்பாகவே கடந்து சென்றிருக்கிறார்கள். ஆனால் இந்நாட்டின் தொழிற்சங்க வரலாற்றில் இரண்டு முக்கியமான தொடக்கங்கள், ஒன்று பம்பாயிலும் மற்றொன்று சென்னையிலும், இந்த இடைவேளைக் கோரிக்கையோடு பின்னிக் கிடக்கின்றன என்பதை நோக்கும்போது அது அடிக்குறிப்புக்கு உரியதாகத் தோன்றவில்லை.

சட்டத்தின் மொழியில் இடைவேளை என்பதற்கு இரண்டு கூறுகள் உண்டு. அந்த நேரத்தில் தொழிலாளியை எந்த வேலையும் செய்யச் சொல்லக்கூடாது என்பது முதலாவது. அந்த நேரம் வேலைநேரக் கணக்கில் சேராது, ஆகவே பொதுவாக அதற்குக் கூலியும் இல்லை என்பது இரண்டாவது. இவற்றுள் இரண்டாவது கூறு ஆலை முதலாளிகளுக்கு ஒருபோதும் மறந்ததில்லை. முதலாவதை நடைமுறைப்படுத்தவே ஒரு நூற்றாண்டுக் காலம் சட்டங்கள் மேல் சட்டங்களாக இயற்ற வேண்டியிருந்தது.

இந்தியச் சட்டங்களுக்கு முன்மாதிரியாக நின்ற பிரிட்டிஷ் சட்டங்களிலிருந்தே இதைத் தொடங்கவேண்டும். பருத்தி ஆலைக் குழந்தைகளுக்கான 1819-ஆம் ஆண்டுச் சட்டம், ஒன்பது வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு வைக்கத் தடை விதித்து, பதினாறு வயது வரையிலானோருக்கு உணவு நேரம் நீங்கலாக நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று வரம்பிட்டு, காலை உணவுக்கு அரைமணியும் பகல் உணவுக்கு ஒரு மணியும் ஒதுக்கியது. மேற்பார்வை செய்ய ஆள் இல்லாத அச்சட்டம் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 1832-இல் நாடாளுமன்றக் குழுவின்முன் சாட்சியம் சொன்ன தொழிலாளர்கள் பலர், உணவுக்கென விடப்படும் நேரத்தில் எந்திரங்களைத் துடைத்துச் சுத்தம் செய்யும் வேலை குழந்தைகள்மேல் சுமத்தப்படுவதையும், பஞ்சுத்தூசி படிந்த உணவைப் பாதி உண்டு மீதியை விட்டுவிட்டு அவர்கள் வேலைக்குத் திரும்புவதையும் விவரித்தார்கள். 1833-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு ஊதியம் பெறும் தொழிற்சாலை ஆய்வாளர்களை நியமித்தது; அவர்களும் விரைவிலேயே ஒரு தந்திரத்தை எதிர்கொண்டார்கள். ஒரு குழுவுக்கு ஒரு நேரம், மற்றொரு குழுவுக்கு வேறு நேரம் என்று உணவு வேளையைச் சிதறடித்துவிட்டால், எந்த நேரத்தில் சென்று பார்த்தாலும் எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். யார் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை என்று எந்த ஆய்வாளராலும் நிறுவமுடியாது.

இதற்கு விடையாகவே 1844-ஆம் ஆண்டுச் சட்டம், பெண்களுக்கும் சிறாருக்கும் உணவு வேளை ஒரே நேரத்தில் அமையவேண்டும், அவ்வேளையில் உற்பத்தி நடக்கும் அறையில் அவர்கள் இருக்கவே கூடாது, நேரத்தை ஆலையின் கடிகாரத்தைக் கொண்டு அளக்காமல் ஆய்வாளர் ஏற்கும் ஒரு பொதுக் கடிகாரத்தைக் கொண்டு அளக்கவேண்டும் என்று விதித்தது. லங்காஷயர் பகுதியின் ஆய்வாளராக நெடுங்காலம் பணியாற்றிய லெனர்ட் ஹார்னர் முதலியோரின் அறிக்கைகளில், காலையில் ஐந்து நிமிடம் முன்னதாக எந்திரத்தை ஓடவிடுவது, உணவு வேளையின் தொடக்கத்திலும் முடிவிலும் சில நிமிடங்களைக் கவர்ந்துகொள்வது என்ற சிறு திருட்டுகள் மீண்டும் மீண்டும் பதிவாகியுள்ளன. நூற்றுக்கணக்கானோரிடமிருந்து நாள்தோறும் எடுக்கப்படும் ஐந்து நிமிடம் ஆண்டு முடிவில் பெருந்தொகையாகும் என்ற கணக்கை முதலாளிகளும் அறிந்திருந்தார்கள், ஆய்வாளர்களும் அறிந்திருந்தார்கள். உணவு இடைவேளை பற்றிய சட்டங்கள் பின்னாளில் ஏன் இவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்டன என்பதற்கு இதுவே விளக்கம்.

பம்பாயில் ஆலைகள் பெருகியபோது லங்காஷயர் முதலாளிகள், தங்களுக்கு இருக்கும் கட்டுப்பாடுகள் இந்திய ஆலைகளுக்கு இல்லாததைக் காட்டி முறையிடத் தொடங்கினார்கள். 1875-இல் பம்பாய் அரசு அமைத்த ஆணையத்தில் பெரும்பான்மையோர் சட்டமே வேண்டாம் என்றார்கள். சொராப்ஜி ஷாபூர்ஜி பெங்காலி என்ற பார்சி சீர்திருத்தவாதி விடாது முயன்றதாலும், இங்கிலாந்திலிருந்து வந்த நெருக்குதலாலும் 1881-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும், எந்திர ஆற்றலில் இயங்கும் ஆலைகளை மட்டும் கட்டுப்படுத்திய அச்சட்டம், ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு ஒன்பது மணி நேர வேலையையும் ஒரு மணி நேர ஓய்வையும் வகுத்தது. பெரியவர்களைப் பொறுத்தவரை, சூரியன் எழுவது முதல் சாய்வது வரை ஓடும் எந்திரமே அவர்களின் கடிகாரமாக இருந்தது.

இந்த நிலையை மாற்றக் கேட்ட முதல் பெருங்குரல் ஆலைத் தொழிலாளர்களிடமிருந்தே எழுந்தது. நாராயண் மேகாஜி லோகண்டே, ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்தவர். ஓர் ஆலையில் பண்டகக் காப்பாளராக வேலை பார்த்தவர். பின்னர் ‘தீனபந்து’ என்ற மராத்தி இதழை நடத்தியவர். 1884-இல் பம்பாய் அரசு மற்றோர் ஆணையத்தை அமைத்தபோது, அவ்வாண்டு செப்டம்பர் 23-ஆம் நாளும் 26-ஆம் நாளும் அவர் தொழிலாளர் கூட்டங்களைக் கூட்டினார். சுமார் 5,500 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று ஆணையத்திடம் அளிக்கப்பட்டது. ஞாயிறுதோறும் விடுமுறை, நாள்தோறும் நண்பகலில் அரைமணி ஓய்வு, காலை ஆறரை மணிக்குத் தொடங்கிச் சூரியன் மறையும்போது முடியும் வேலை, அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கூலி, வேலையில் காயமடைந்தோர்க்கு உதவி ஆகிய ஐந்தும் அதில் கேட்கப்பட்டன.

இந்தக் கோரிக்கைகளின் அடக்கம் இன்று படிப்போரை வருத்தும். எட்டு மணி நேரம் வேண்டும் என்றோ, பத்து மணி நேரம் போதும் என்றோ அந்த விண்ணப்பம் கேட்கவில்லை. கோடையில் பதின்மூன்று மணி நேரத்தைத் தொடக்கூடிய ஒரு வேலைநாளை ஏற்றுக்கொண்டு, அதன் நடுவே அரைமணியை மட்டும் கேட்டது. பட்டினியோடு நிற்பவரின் பொறுமை எவ்வளவு நீளமானது என்பதற்கு அந்த விண்ணப்பம் ஓர் ஆவணம். ஆணையத்தின் பரிந்துரைகளை அரசு கிடப்பில் போட்டது. 1889-இல் மீண்டும் விண்ணப்பம் சென்றது. 1890 ஏப்ரலில் பல ஆயிரம் தொழிலாளர்கள் திரண்ட கூட்டத்தில் ஆலைப் பெண்கள் இருவரும் எழுந்து பேசினார்கள். அவ்வாண்டு ஜூன் 10-ஆம் நாள் பம்பாய் ஆலை முதலாளிகள் சங்கம் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தது. அரைமணிக்கு இசைய அவர்களுக்கு இன்னும் சட்டம் தேவைப்பட்டது.

அந்தச் சட்டம் 1891-இல் வந்து, 1892 ஜனவரி முதல் நடைமுறையானது. ஐம்பது பேர் வேலை செய்யும் ஆலைகள் வரை அதன் எல்லை விரிந்தது. ஒவ்வோர் ஆலையிலும் நண்பகலுக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையே அரைமணி நேரம் வேலை முழுவதுமாக நிறுத்தப்படவேண்டும் என்று அது கட்டளையிட்டது. பெண்களின் வேலைநேரத்தைப் பதினொரு மணியாக வரம்பிட்டு, அவர்களுக்கு மொத்தம் ஒன்றரை மணி நேர இடைவேளையையும் தந்தது. இங்கே கவனிக்கத்தக்கது சட்டத்தின் சொல்லமைப்பு. தொழிலாளிக்கு உண்ண நேரம் தரவேண்டும் என்று அது சொல்லவில்லை; ஆலையின் வேலை நிற்கவேண்டும் என்று சொல்லிற்று. 1844-இல் இங்கிலாந்து கற்ற பாடம் இதில் இருக்கிறது, ஏனென்றால் எந்திரம் நின்றதா இல்லையா என்பதை ஆய்வாளர் வாயிற்கதவுக்கு வெளியிலிருந்தே அறியலாம், ஒருவர் உண்டாரா என்பதை அவ்வாறு அறிய இயலாது. ஆயினும் அதே சட்டம், ஒப்புதல் பெற்ற ஷிப்டு முறையில், அதாவது ஆட்கள் முறைவைத்து மாறி மாறி வேலை செய்யும் ஏற்பாட்டில் இயங்கும் ஆலைகளுக்கு இந்த நிறுத்தத்திலிருந்து விலக்கு அளித்ததால், எந்திரத்தை நிறுத்த விரும்பாதோர்க்கு ஒரு வாயில் திறந்தே இருந்தது. மாற்றாள் வந்து நின்றால்தான் ஒருவர் நகரமுடியும் என்ற நிலை அங்கே நீடித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆலைகளுக்குள் மின்விளக்கு வந்தது. சூரிய ஒளி வகுத்த எல்லை மறைந்ததும், ஆண்களின் வேலைநேரம் பதினான்கு, பதினைந்து மணி என நீண்டது. நண்பகல் அரைமணி மட்டும் அப்படியே இருந்தது. பகல் பொழுதை ஏறத்தாழப் பாதியாகப் பிரித்த இடைவேளை, இப்போது ஒரு பக்கம் எட்டு மணிக்கும் மேற்பட்ட தொடர் உழைப்பை விட்டுவைத்தது. இதனால் எழுந்த கண்டனங்களை ஆராய முதலில் ஒரு குழுவும், பிறகு 1907-இல் டபிள்யூ. டி. மாரிசன் தலைமையில் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையமும் அமைக்கப்பட்டன. ஆணையத்தின் அறிக்கை 1908-இல் வெளியாயிற்று.

அந்த ஆணையத்தின்முன் முதலாளிகள் வைத்த வாதம் இந்தத் தொடரில் நாம் பலமுறை சந்திக்கப்போகும் ஒன்றாதலால் அதைச் சற்று விரிவாகக் காண்பது நலம். இந்தியத் தொழிலாளி ஐரோப்பியத் தொழிலாளியைப்போல் எந்திரத்தின் அருகிலேயே நிற்பதில்லை. வேண்டும்போது வெளியே செல்கிறான், புகைக்கிறான், குளிக்கிறான், சாப்பிடுகிறான். இதற்கென்றே நாங்கள் கூடுதல் ஆட்களை வைத்திருக்கிறோம். ஆகவே பதினான்கு மணி நேரம் ஆலையில் இருந்தாலும் அவன் உண்மையில் உழைப்பது குறைவே. சட்டப்படியான வரம்பும் இடைவேளையும் அவனுக்கு வேண்டியதில்லை என்பது அந்த வாதத்தின் சாரம். இதில் ஓரளவு உண்மை இருந்தது என்பதை மறுக்க இயலாது. பம்பாய் ஆலைகளின் முற்றங்களில் எந்நேரமும் சிலர் உட்கார்ந்திருந்தது ஆணையமே கண்ட செய்தி. ஆனால் காரணத்தையும் விளைவையும் இடம்மாற்றி வைத்த வாதம் அது. மனித உடல் தாங்காத அளவுக்கு வேலைநாளை நீட்டியதால்தான் தொழிலாளி தனக்குரிய இடைவேளையைத் தானே எடுத்துக்கொண்டான். அப்படி எடுத்துக்கொண்ட நேரம் மேஸ்திரியின் தயவில் தொங்கிய சலுகை. மேஸ்திரிக்கு வேண்டாதவன் எழுந்து சென்றால் அது அபராதத்துக்குரிய குற்றமாக மாறும். சலுகையாகக் கிடைக்கும் ஓய்வுக்கும் உரிமையாகக் கிடைக்கும் ஓய்வுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஆணையத்தின் பெரும்பான்மை உறுப்பினர்கள் காணத் தவறினார்கள்.

தவறாமல் கண்டவர் ஒருவர் இருந்தார். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் டி. எம். நாயர், பின்னாளில் நீதிக்கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவராக அறியப்பட்டவர், அந்த ஆணையத்தின் உறுப்பினர். வயதுவந்த ஆண்களின் வேலைநேரத்தைச் சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்தக்கூடாது, சிறாரின் நேரத்தைக் குறைத்தால் ஆண்களின் நேரமும் தானே குறையும் என்று பெரும்பான்மையோர் எழுதியபோது, நாயர் தனியே ஒரு மாறுபட்ட குறிப்பு எழுதி, ஆண்களுக்கும் நேரடியான சட்ட வரம்பு தேவை என்று வற்புறுத்தினார். நாயரின் அரசியல் வாழ்வைப் பற்றித் தமிழில் நிறைய எழுதப்பட்டுள்ளது. இந்தக் குறிப்பு அந்த அளவுக்குக் கவனம் பெறாதது ஒரு குறையே. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் ஆண்களுக்குப் பன்னிரண்டு மணி நேர வரம்பை வகுத்தபோது, பெரும்பான்மையின் வழியைவிட நாயரின் வழிக்கே அது நெருங்கி வந்தது. ஆறு மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தபின் அரைமணி இடைவேளை என்ற விதியும் அதில் இடம்பெற்றது. நண்பகல் என்ற பொழுதைக் கொண்டு அளந்த சட்டம், தொடர் உழைப்பின் நீளத்தைக் கொண்டு அளக்கத் தொடங்கியது இங்கேதான். இரவில் வேலை செய்பவருக்கும் அதிகாலையில் தொடங்குபவருக்கும் பொருந்தும் அளவுகோல் அது.

சட்டம் கேட்ட அரைமணியைக் கொடுத்துவிட்ட ஆலையில்கூட அந்த அரைமணி போதுமா என்ற கேள்வி, சில ஆண்டுகளுக்குப்பின் சென்னையில் எழுந்தது. பெரம்பூரில் பின்னி நிறுவனம் நடத்திய பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகள் அக்காலச் சென்னையின் மிகப்பெரிய தொழிற்கூடங்கள். பெரம்பூர் பேரக்ஸ் சாலையில் ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷினி சபா என்ற பக்தி அமைப்பை நடத்திய ஜி. செல்வபதி செட்டியார், ஜி. ராமானுஜலு நாயுடு ஆகிய இரு சிறு வணிகர்கள், சபைக்கு வந்த ஆலைத் தொழிலாளர்களின் குறைகளை நாள்தோறும் கேட்டவர்கள். அடி, வசவு, அபராதம், கூலிக்குறைவு ஆகியவற்றோடு, பகல் உணவுக்கு விடப்படும் நேரம் போதாது என்பதும் அக்குறைகளுள் முதன்மையானது. ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் வெளியேறி, கைகால் கழுவி, கொண்டுவந்ததையோ வீட்டார் கொண்டுவந்து தந்ததையோ உண்டு, மீண்டும் வாயில் அடைபடுவதற்குள் உள்ளே சென்றாகவேண்டும். தாமதமானால் அபராதம் அல்லது அரைநாள் கூலி இழப்பு. சட்டப் புத்தகத்தில் முப்பது நிமிடமாக இருப்பது, வாயிலுக்கு நடப்பதும் தண்ணீருக்கு நிற்பதும் போக, ஒருவரின் கையில் எத்தனை நிமிடமாக வந்து சேரும் என்பதை எந்த ஆணையமும் அதுவரை கணக்கிட்டதில்லை.

செல்வபதியும் ராமானுஜலுவும் அன்னி பெசன்ட் அம்மையாரின் ‘நியூ இந்தியா’ இதழ் அலுவலகத்தை நாடிச் சென்று பி. பி. வாடியாவைச் சந்தித்ததும், 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டதும், வாடியா அதன் தலைவராகவும் திரு.வி.க. துணைத்தலைவருள் ஒருவராகவும் பொறுப்பேற்றதும் தமிழ் வாசகர்கள் நன்கறிந்த செய்திகள். முறையான உறுப்பினர் பதிவும் சந்தாவும் கொண்ட இந்தியாவின் முதல் தொழிற்சங்கமாகப் பலராலும் கருதப்படும் இவ்வமைப்பின் தொடக்கக் கூட்டங்களில், உணவு வேளை பற்றிய பேச்சு அரசியல் பேச்சுக்குச் சற்றும் குறையாத இடத்தைப் பெற்றது. தன்னாட்சி இயக்கத்தில் முழுமூச்சாக ஈடுபட்டிருந்த வாடியாவின் பார்வையை மில் வாயிலின்பால் திருப்பியது, கொள்கை விளக்கம் எதுவும் அல்ல, சாப்பிட நேரமில்லை என்ற எளிய முறையீடே. பின்னர் வந்த கதவடைப்புகள், பின்னி நிறுவனம் உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, 1921-இன் நீண்ட வேலைநிறுத்தமும் அதில் தொழிலாளரிடையே சாதிவழியாக நேர்ந்த பிளவும் துப்பாக்கிச் சூடும், 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் ஆகியவை தனியே விரிவாக எழுதத்தக்கவை என்பதால் அவை பின்வரும் பகுதிகளுக்கு ஒதுக்கப்படுகின்றன.

1919-இல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு இந்தியாவுக்கு வாரம் அறுபது மணி நேரம் என்று வரம்பிட்டது. அதையொட்டி வந்த 1922-ஆம் ஆண்டுச் சட்டம், ஆறு மணி நேர வேலைக்கு ஒரு மணி இடைவேளை என்று முந்தைய அளவை இருமடங்காக்கியது. தொழிலாளர்களே கேட்டுக்கொண்டால், ஐந்து மணிக்கு மேற்படாத இடைவெளிகளில் அரைமணி வீதம் அதைப் பிரித்துக்கொள்ளவும் இடமளித்தது. இடைவேளை கூடினால் மகிழவேண்டியவர்கள் அதைப் பிரிக்கவோ குறைக்கவோ ஏன் கேட்பார்கள் என்று தோன்றலாம். கூலியில்லாத அந்த ஒரு மணி, தொழிலாளி வீடு திரும்பும் நேரத்தை அத்தனையளவு பின்னுக்குத் தள்ளியதே காரணம். ஆலையிலிருந்து வெகுதொலைவில் குடியிருந்தோர்க்கு நீண்ட இடைவேளை பயனற்றது; அருகில் இருந்து வீட்டுக்குச் சென்று உண்டுவரக் கூடியோர்க்கு அது பெரும்பேறு. இருவரும் ஒரே ஆலையில் இருந்தார்கள். இடைவேளையின் நீளம் பற்றிப் பிற்காலத்தில் சங்கங்களுக்குள்ளேயே எழுந்த விவாதங்களுக்கு வேர் இங்கே இருக்கிறது. 1934-ஆம் ஆண்டுச் சட்டம் இதே அமைப்பைச் சிறு மாற்றங்களோடு தொடர்ந்தது. அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில் உருவான 1946-ஆம் ஆண்டுத் திருத்தம் வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்ற வரம்பைக் கொண்டுவந்தது.

இதுவரை கண்ட சட்டங்கள் யாவும் நிமிடங்களை எண்ணின. உண்பதற்கு நிமிடங்கள் மட்டும் போதா. உட்கார இடம், குடிக்க நீர், கைகழுவ வசதி, உண்ண உணவு ஆகியவையும் வேண்டும். பம்பாயின் நெசவுப் பிரிவுகளில், அறுந்த நூலை வாயால் உறிஞ்சி நாடாவில் கோக்கவேண்டியிருந்ததைக் காரணமாகச் சொல்லித் தலித் தொழிலாளர்களை அப்பிரிவிலேயே சேர்க்க மறுத்த வழக்கம் இருந்தது. அத்தகைய சூழலில் ஒரே பானையில் நீரும் ஒரே கூடத்தில் உணவும் என்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1944-இல் டி. வி. ரேகே தலைமையில் அமைக்கப்பட்ட தொழிலாளர் விசாரணைக் குழு பல்வேறு தொழில்களின் நிலைமைகளை நேரில் ஆராய்ந்து எழுதிய அறிக்கைகள், சுதந்திரத்துக்குப் பிந்தைய சட்டத்துக்கு அடித்தளமாயின.

ஜகஜீவன் ராம் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் சிறப்பு, நேரத்தையும் இடத்தையும் அது ஒருங்கே சிந்தித்தது என்பதே. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த அதன் பிரிவு 55 ஐந்து மணி நேரத்துக்குள் அரைமணி இடைவேளையைக் கட்டாயமாக்கியது. தக்க காரணம் இருந்தால் எழுத்து மூலமான ஆணையால் ஐந்தை ஆறாக நீட்ட முடிந்தது, அதற்குமேல் இயலவில்லை. பிரிவு 56, வேலையும் இடைவேளையும் சேர்ந்து ஒரு நாளில் பரவும் மொத்த நேரத்தைப் பொதுவாகப் பத்தரை மணிக்குள் அடக்கியது. இந்த வரம்பு இல்லையெனில், கூலியில்லாத நீண்ட இடைவேளைகளைப் புகுத்தி, காலையில் வந்தவரை இரவு வரை ஆலைப்பக்கமே கட்டிப்போட முடியும். நூற்றைம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஓய்வறையும், குடிநீர் வசதியோடு கூடிய உணவுக்கூடமும் வேண்டும் என்றது பிரிவு 47. இருநூற்றைம்பது பேருக்கு மேல் என்றால் கேன்டீன் நடத்தும் பொறுப்பை முதலாளிமேல் சுமத்தும் விதிகளை மாநில அரசு இயற்றலாம் என்றது பிரிவு 46. அதன் நிர்வாகத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடம் இருந்தது.

ஆய்வாளரின் பழைய இடர்ப்பாட்டுக்கும் இச்சட்டம் விடை வைத்திருந்தது. வேலைநேரமும் இடைவேளையும் குறிக்கப்பட்ட அறிவிப்பு ஆலையில் எல்லோரும் காணும்படி ஒட்டப்படவேண்டும்; அதற்கு மாறாக வேலை வாங்கக்கூடாது என்று அது விதித்தது. எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆலைக்குள் காணப்படும் எவரும், வேறுவகையில் மெய்ப்பிக்கப்படாதவரை, வேலையில் இருந்தவராகவே கருதப்படுவார் என்று பிரிவு 103 சொன்னது. உணவு, ஓய்வு இடைவேளை நேரம் மட்டும் அதற்கு விலக்கு. உண்ண உட்கார்ந்த ஒருவரை வேலை செய்பவர் என்று தவறாக எண்ணக்கூடாது என்பதற்கும், வேலை செய்பவரை உண்ண உட்கார்ந்தவர் என்று காட்டித் தப்பக்கூடாது என்பதற்கும் இடையே சட்டம் எவ்வளவு கவனமாக நடக்கவேண்டியிருக்கிறது என்பதை இந்தப் பிரிவு காட்டும்.

ஆலை வாயிலுக்கு வெளியே நின்றவர்களை இச்சட்டங்கள் காணவில்லை என்பதையும் பதிவு செய்யவேண்டும். பம்பாயின் ஆலைப் பகுதியான கிரண்காவில், ஊரில் குடும்பத்தை விட்டு வந்த ஆண்களுக்குச் சமைத்துப் போட்டு வாழ்ந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் நடத்திய வீட்டுச் சாப்பாட்டு இடங்களுக்குக் கானாவளி என்று பெயர். ஷிப்டுக்கு ஷிப்டு மாறும் ஆண்களின் இடைவேளைக்கு ஏற்ப அடுப்பெரித்த அப்பெண்களுக்கு வேலைநேரமும் இல்லை, இடைவேளையும் இல்லை. 1975-இல் பிரேமா புரவ் தொடங்கிய அன்னபூர்ணா மகிளா மண்டல் அவர்களைக் கடன் உதவி வழியாக ஒன்றுதிரட்டும் வரை, அவர்களைத் தொழிலாளர் என்று அழைக்கவும் எவரும் முன்வரவில்லை. மில் தொழிலாளியின் அரைமணியை இயன்றதாக்கியது சட்டம் மட்டுமன்று, கணக்கில் வராத இந்தப் பெண்களின் உழைப்பும்தான்.

கடைகளிலும் ஓட்டல்களிலும் வேலை செய்வோர் தொழிற்சாலைச் சட்டத்தின் எல்லைக்குள் வந்ததில்லை. அவர்களுக்காகச் சென்னை மாகாணம் 1947-இல் இயற்றிய கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நான்கு மணி நேர வேலைக்குள் ஒரு மணி இடைவேளை என்று ஆலைச் சட்டத்தைவிட ஒருபடி தாராளமாகவே விதித்தது. ஆனால் நடைமுறையில் மிகுதியாக மீறப்படுவதும் இதுவே. ஆலையில் சங்கு ஊதும், எந்திரம் நிற்கும்; கடையில் வாடிக்கையாளர் வருவது நிற்பதில்லை. நான்கைந்து பேர் வேலை செய்யும் கடையில் சங்கமும் இல்லை, ஆய்வாளரின் வருகையும் அரிது. நாள்முழுதும் நின்றுகொண்டே வேலை செய்த துணிக்கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று இதே சட்டத்தில் திருத்தம் கொண்டுவரத் தமிழ்நாட்டுக்கு 2021 வரை ஆயிற்று.

மீறலுக்கு என்ன பரிகாரம் என்பதில் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு குறை வெளிப்படையாக இருந்தது. இடைவேளை மறுக்கப்பட்டால் அது குற்றமாக இருந்தது. ஆய்வாளர் வழக்குத் தொடர முடிந்தது. நீதிமன்றம் அபராதம் விதித்தால் அது அரசுக்குச் சென்றது. பசியோடு வேலை செய்தவருக்கு அந்த வழக்கால் எதுவும் வந்து சேரவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டம் வேறு வழியைத் தேர்ந்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு அரைமணி உணவு இடைவேளை தராவிட்டால், அந்நாளுக்கு ஒரு மணி நேரக் கூலியைக் கூடுதலாக அத்தொழிலாளிக்கே தரவேண்டும் என்று அது விதிக்கிறது. இடைவேளையில் தொழிலாளியை எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் விடுவிப்பதே முதலாளியின் கடமை, அந்நேரத்தில் அவர் வேலையே செய்யாமல் இருப்பதைக் கண்காணிப்பது கடமையாகாது என்று அம்மாநில உச்சநீதிமன்றம் 2012-இல் பிரிங்கர் உணவக நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பளித்ததால், அங்கும் விவாதம் ஓயவில்லை. ஆயினும் இழப்புற்றவருக்கே ஈடு செல்லவேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டமியற்றுவோர் எண்ணிப்பார்க்கத் தக்கது.

இந்தியாவிலோ அண்மைக்காலத்தின் போக்கு எதிர்த்திசையில் இருக்கிறது. கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் 17-ஆம் நாள் குஜராத் அரசு வெளியிட்ட அறிவிக்கை, வேலைநாளைப் பன்னிரண்டு மணியாக உயர்த்தியதோடு, அரைமணி இடைவேளைக்கு முன்னான தொடர் உழைப்பை ஐந்து மணியிலிருந்து ஆறு மணியாக நீட்டியது. கூடுதல் நேரத்துக்கு இருமடங்குக் கூலி என்ற விதியையும் அது விலக்கியது. பன்னிரண்டு மணி வேலை, ஆறு மணிக்கு ஒருமுறை அரைமணி என்ற இவ்விரு எண்களும் 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்களே. குஜராத் மஸ்தூர் சபா தொடுத்த வழக்கில், அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் நாள் நீதிபதி டி. ஒய். சந்திரசூட் உள்ளிட்ட இந்திய உச்சநீதிமன்ற மூவர் அமர்வு அந்த அறிவிக்கையை நீக்கியது. போர், அயல்நாட்டுப் படையெடுப்பு, உள்நாட்டுக் குழப்பம் ஆகியவற்றால் நாட்டின் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் நேரும் நெருக்கடிக்கென வைக்கப்பட்ட விலக்கு அதிகாரத்தை, பெருந்தொற்றால் நேர்ந்த பொருளாதாரச் சரிவின் சுமையைத் தொழிலாளர்மேல் ஏற்றுவதற்குப் பயன்படுத்த முடியாது என்பது தீர்ப்பின் அடிப்படை.

தீர்ப்பு வெளிவந்த அதே பருவத்தில், 2020 செப்டம்பரில், தொழிற்சாலைகள் சட்டம் உள்ளிட்ட பதின்மூன்று சட்டங்களை ஒன்றிணைத்துத் தொழில் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்பை நாடாளுமன்றம் நிறைவேற்றியிருந்தது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்ற வரம்பு அதில் எண்ணாக எழுதப்பட்டுள்ளது. இடைவேளையும் நேரப்பரவலும் எவ்வளவு என்பது எழுதப்படவில்லை. உரிய அரசு அறிவிக்கும் அளவில் அவை அமையும் என்று மட்டும் இருக்கிறது. 1891 முதல் நாடாளுமன்றமோ அதற்கு முந்தைய சட்டமன்றமோ தானே நிர்ணயித்துவந்த அரைமணி, இவ்வாறு சட்டத்தின் உடலிலிருந்து விதிகளுக்கு இடம்பெயர்ந்தது. சட்டத்தைத் திருத்த அவையின் வாக்கு வேண்டும். விதியை மாற்ற அரசிதழில் ஓர் அறிவிக்கை போதும்.